கணினியில் கரைப்பான் வடிவமைப்பு: தீயையும் நஞ்சையும் எந்த வரிசையில் பார்ப்பது

பாலக்காட்டை அடுத்த கஞ்சிக்கோட்டில் நாங்கள் ஐந்து பேர் மட்டும் இருக்கும் சிறிய ஆய்வுக்கூடம். கோயம்புத்தூர்ப் பட்டறைகளில் பம்பு, மோட்டார் பாகங்களில் படிந்த கிரீஸை எடுக்கும் திரவங்களை முதலில் கணினியில் வடிவமைப்போம், பிறகு குடுவையில் கலந்து பார்ப்போம். கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோவை என்று சுற்றுப்பக்கத்திலிருந்து படிப்பு முடித்த பிள்ளைகள் பயிற்சிக்கு வருகிறார்கள். மென்பொருளை ஒரே வாரத்தில் பிடித்துக்கொள்கிறார்கள். ஆனால் தடுக்கி விழுகிற இடம் எல்லாருக்கும் ஒன்றுதான். கிரீஸைக் கரைக்கும் திறனை முதலில் கணக்குப் போட்டு, நல்ல பத்து மூலக்கூறுகளைத் தேர்ந்தெடுத்துவிட்டு, கடைசியில்தான் "இது பாதுகாப்பானதா?" என்று கேட்கிறார்கள். அதற்குள் அந்தப் பத்தின் மேல் பாசம் வந்துவிடுகிறது, எண்களைக் கொஞ்சம் வளைத்துப் பார்க்கத் தோன்றுகிறது.

கீழே இருப்பது நாங்கள் இப்போது பின்பற்றும் வரிசை. கரைப்பானை எடுத்துக்காட்டாக வைத்திருக்கிறேன். பெயின்ட் தின்னர், பசை, அச்சு மை கழுவும் திரவம் என்று எதற்கும் இதே வரிசை பொருந்தும்.

## 1. கணினியைத் திறக்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலாவது, வேலையிட எல்லைகளின் பட்டியல், அதுவும் ஒரே ஒரு பட்டியல். ஒரு நாள் வேலை நேரத்தில் காற்றில் எத்தனை பி.பி.எம். (பத்து லட்சத்தில் எத்தனை பங்கு) வரை இருக்கலாம் என்பதை ஒவ்வோர் அமைப்பும் ஒவ்வொரு விதமாகச் சொல்கிறது. டொலுவீனுக்கு அமெரிக்கத் தொழிலிடப் பாதுகாப்பு அமைப்பான ஓஷாவின் சட்ட எல்லை 200, அந்நாட்டு அரசு ஆய்வு நிறுவனமான நையாஷின் பரிந்துரை 100, தொழில் சுகாதார வல்லுநர் சங்கமான ஏ.சி.ஜி.ஐ.எச்.இன் எல்லை 20. மூலக்கூறு ஒன்றுதான், எண்களுக்கிடையே பத்து மடங்கு வித்தியாசம். ஒரு பொருளுக்கு ஒரு பட்டியல், அடுத்ததற்கு வேறு பட்டியல் என்று எடுத்தால் ஒப்பீடே பொய்யாகிவிடும். இந்தக் கட்டுரை முழுக்க நையாஷ் எண்களையே வைத்திருக்கிறேன்.

இரண்டாவது, அளந்த மதிப்புகள் நன்றாகத் தெரிந்த ஐந்தாறு திரவங்கள். என்-ஹெக்சேன், என்-ஹெப்டேன், டொலுவீன், எத்தில் அசிடேட், ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், எத்தில் லாக்டேட் ஆகியவற்றை நாங்கள் வைத்திருக்கிறோம். எந்தக் கணிப்பு முறையையும் முதலில் இவற்றின் மேல் ஓட்டிப் பாருங்கள். அந்த முறை எங்கே தவறும் என்பதைப் புதிய மூலக்கூறு காட்டிக் கொடுக்காது, தெரிந்த மூலக்கூறுதான் காட்டும்.

மூன்றாவது, மென்பொருள். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் டெஸ்ட், ஓ.இ.சி.டி. என்ற பன்னாட்டு அமைப்பின் கியூசார் டூல்பாக்ஸ், வேகா, டாக்ஸ்ட்ரீ ஆகிய நான்கும் இலவசம். நான்கும் மூலக்கூறின் வடிவத்தை வைத்து நஞ்சைக் கணிப்பவை. காசு கொடுத்து வாங்கும் மென்பொருள் இல்லை என்பதற்காக யாரும் இந்த வேலையைத் தள்ளிப்போட வேண்டியதில்லை.

நான்காவது, ஒரு விரிதாள். ஒவ்வொரு பண்புக்கும் மூன்று நெடுவரிசைகள் போடுங்கள்: மதிப்பு, அது அளந்ததா கணித்ததா, எத்தனை வரை பிசகலாம். புதியவர்கள் முதல் நெடுவரிசையோடு நிறுத்திக்கொள்கிறார்கள். இரண்டு வாரம் கழித்து அந்த எண் எங்கிருந்து வந்தது என்று எழுதியவருக்கே நினைவிருக்காது.

## 2. வேலை நடக்கும் இடத்தைத் தாளில் எழுதுங்கள்

எத்தனை டிகிரி, திறந்த தொட்டியா மூடியதா, முக்குவதா துடைப்பதா ஸ்பிரே அடிப்பதா, எத்தனை மணி நேரம், கையுறை உண்டா, கழிவு எங்கே போகிறது. ஒரு பக்கம் போதும். மூலக்கூறு தேடும் முன் இதை எழுதச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஆபத்து மூலக்கூறில் மட்டும் இல்லை, அது நிற்கிற இடத்திலும் இருக்கிறது.

புத்தக எண்கள் பெரும்பாலும் 20 அல்லது 25 டிகிரிக்கானவை. பாலக்காட்டில் மார்ச், ஏப்ரலில் 40 டிகிரி சாதாரணம். டொலுவீனின் ஆவியழுத்தம் 20 டிகிரியில் சுமார் 21 மி.மீ. பாதரசம், 40 டிகிரியில் 59. ஏறக்குறைய மூன்று மடங்கு. தகர ஷீட் கூரைக்குக் கீழே இன்னும் அதிகம்.

பாலக்காட்டுக் கணவாய்க் காற்றையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். கிழக்கிலிருந்து வறண்ட காற்று வீசும் மாதங்களில் தூசிக்குப் பயந்து ஷட்டரைப் பாதிக்கு மேல் இறக்கிவிடுகிறார்கள். வெளியே அத்தனை காற்று அடிக்கும்போது உள்ளே காற்றோட்டம் குறைவாக இருப்பதை நான் பல பட்டறைகளில் பார்த்திருக்கிறேன். "காற்றோட்டம் நன்று" என்று ஊகித்து எழுதாதீர்கள், போய்ப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

இந்தத் தாளை எழுதி முடித்ததும் ஒரு கேள்வி: இந்த வேலைக்குக் கரைப்பான் வேண்டுமா? சூடான சோப்புத் தண்ணீரில் போகிற அழுக்கென்றால் வேலை இங்கேயே முடிந்தது. 1970களில் ஆலைப் பாதுகாப்பு வல்லுநர் டிரெவர் க்ளெட்ஸ் சொன்ன வழி இது. இல்லாத பொருள் கசியாது. எங்களிடம் வந்த பாகங்களில் கணிசமானவை இப்படியே தீர்ந்திருக்கின்றன.

## 3. தடைப்பட்டியலை முதலிலேயே கொடுங்கள்

சி.எச்.3, ஓ.எச். போன்ற அணுக்கூட்டத் துண்டுகளைக் கோத்துக் கணினி மூலக்கூறுகளை உருவாக்குகிறது. பத்து வகைத் துண்டுகள், ஆறு இடங்கள் என்றாலே அடுக்கும் விதம் பத்து லட்சம். எல்லாவற்றையும் உருவாக்கிவிட்டுப் பிறகு சலிப்பது நேர விரயம். வேண்டாத துண்டுகளைத் தொடக்கத்திலேயே எடுத்துவிடுங்கள்.

எங்கள் பட்டியலில் வெடிப்புக்காக விலக்கியவை பெராக்சைடு, அசைடு, டையசோ, நைட்ரோ. செல்லின் மரபுப் பொருளைத் தாக்கும் என்பதற்காக எபாக்சைடு, நைட்ரோசமீன், அரோமாட்டிக் முதல்நிலை அமீன். தோலையும் நுரையீரலையும் உணர்திறன் கொள்ளச் செய்வதற்காகவோ அரிப்பதற்காகவோ ஐசோசயனேட், அமிலக் குளோரைடு, ஆல்டிஹைடு. குளோரின் ஏறிய சிறு கரைப்பான்களும் கிடையாது. கிரீஸ் எடுப்பதில் ஒரு காலத்தில் கோலோச்சிய டிரைகுளோரோஎத்திலீனை 2012இல் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை மனிதருக்குப் புற்றுநோய் தரும் முதல் பிரிவில் வைத்தது.

புதியவர்கள் இங்கே ஒன்றைத் தவறவிடுகிறார்கள். துண்டுகளைத் தடை செய்தால் போதும் என்று நினைக்கிறார்கள். ஹெக்சேனுக்கும் ஹெப்டேனுக்கும் துண்டுகள் ஒன்றேதான், ஹெப்டேனில் ஒரு சி.எச்.2 கூடுதல். ஆனால் ஹெக்சேன் உடலுக்குள் 2,5-ஹெக்சேன்டையோனாக மாறி, கைகால் நரம்புகளைப் படிப்படியாகக் கெடுக்கிறது. ஹெப்டேனில் அந்த ஆபத்து மிகக் குறைவு. துண்டுப் பட்டியலால் இந்த வேறுபாட்டைப் பிடிக்க முடியாது. அதனால் இரண்டாவதாக ஒரு பெயர்ப் பட்டியல் வைத்திருங்கள். முழு மூலக்கூறாக விலக்க வேண்டியவை அதில் இருக்கட்டும்: என்-ஹெக்சேன், பென்சீன், மெத்தனால், 2-மெத்தாக்சிஎத்தனால்.

## 4. பண்புகளைக் கணியுங்கள், பிழை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பாருங்கள்

கொதிநிலை, ஆவியழுத்தம், ஃபிளாஷ் பாயின்ட் (ஆவி பற்றத் தொடங்கும் வெப்பநிலை), எண்ணெய்–நீர்ப் பகிர்வு எண் (பொருள் எண்ணெயில் எத்தனை, நீரில் எத்தனை என்று பிரியும் விகிதம்) ஆகியவை இல்லாமல் பாதுகாப்புக் கணக்கு நகராது. பெரும்பாலோர் துண்டுப் பங்களிப்பு முறையில் தொடங்குவார்கள். ஒவ்வொரு துண்டுக்கும் ஓர் எண், கூட்டினால் பண்பு. ஜோபாக் முறையில் கொதிநிலைக்கு 198.2இலிருந்து தொடங்கி, துண்டுகளின் எண்களைக் கூட்ட வேண்டும். விடை கெல்வினில் வரும்.

கையால் ஒரு முறை போட்டுப் பாருங்கள். டொலுவீனில் ஒரு சி.எச்.3 (23.58), வளையத்தில் ஐந்து சி.எச். (ஒவ்வொன்றும் 26.73), ஒரு தனிக் கார்பன் (31.01). கூட்டினால் 386.4 கெல்வின், அதாவது 113 டிகிரி. அளந்தது 110.6. நன்று. எத்தில் அசிடேட்டுக்கு 76 டிகிரி வருகிறது, அளந்தது 77. அதைவிட நன்று. இந்த இரண்டோடு நிறுத்தினால் முறையின் மேல் முழு நம்பிக்கை வந்துவிடும்.

இப்போது எத்தில் லாக்டேட். இரண்டு சி.எச்.3, ஒரு சி.எச்.2, ஒரு சி.எச்., ஓர் ஓ.எச். (92.88), ஓர் எஸ்டர் (81.10). கூட்டினால் 464 கெல்வின், 191 டிகிரி. அளந்தது 154. முப்பத்தேழு டிகிரி பிழை! ஓ.எச். துண்டு பக்கத்திலேயே இருக்கும் எஸ்டரோடு மூலக்கூறுக்குள்ளேயே கைகோத்துக்கொள்கிறது, அதனால் அடுத்த மூலக்கூறைப் பிடித்து இழுக்கும் வலு குறைகிறது. துண்டுகளைத் தனித்தனியாக எண்ணும் முறைக்கு இது தெரியாது.

பிழையின் அளவைவிட அதன் திசையைக் கவனியுங்கள். கொதிநிலையைக் கூட்டிச் சொன்னால் ஆவி குறைவாகத் தெரியும். ஆவி குறைந்தால் தீயும் மூச்சில் ஏறும் அளவும் குறைவாகத் தெரியும். ஆபத்தான பொருளைப் பாதுகாப்பானதாகக் காட்டும் பிழை இது. எதிர்த் திசைப் பிழையால் ஒரு நல்ல பொருளை இழப்போம், அவ்வளவுதான். அதனால் ஒரு மூலக்கூறில் ஓ.எச்., எஸ்டர், ஈதர் என்று இரண்டு முனைவுத் (போலார்) துண்டுகள் அருகருகே வந்தால் ஜோபாக் எண்ணை நாங்கள் ஏற்பதில்லை. அண்டைத் துண்டுகளையும் சேர்த்து எண்ணும் மாரெரோ–கானி முறைக்குப் போகிறோம், அல்லது அளந்த எண்ணைத் தேடுகிறோம்.

## 5. தீ: ஃபிளாஷ் பாயின்ட்டை வேலை வெப்பத்தோடு ஒப்பிடுங்கள்

திரவத்தின் மேல் நிற்கும் ஆவி, நெருப்பு பட்டதும் பற்றுகிற அளவுக்குச் சேரும் மிகக் குறைந்த வெப்பநிலையே ஃபிளாஷ் பாயின்ட். ஹெக்சேனுக்கு மைனஸ் 22, ஹெப்டேனுக்கும் எத்தில் அசிடேட்டுக்கும் மைனஸ் 4, டொலுவீனுக்கு 4, ஐசோபுரோப்பைலுக்கு 12, எத்தில் லாக்டேட்டுக்கு 46, ஆரஞ்சுத் தோல் எண்ணெயில் உள்ள லிமோனீனுக்கு 48.

வேதிப்பொருள்களுக்கான உலகளாவிய வகைப்பாட்டில் (ஜி.எச்.எஸ்.) 23 டிகிரிக்குக் கீழே என்றால் மிகவும் தீப்பற்றும் திரவம், 23 முதல் 60 வரை தீப்பற்றும் திரவம். இந்த வகைப்பெயர் லேபிளுக்கு உதவும், வடிவமைப்புக்குப் போதாது. வேலை வெப்பத்துக்கும் ஃபிளாஷ் பாயின்ட்டுக்கும் இடையே எத்தனை டிகிரி இருக்கிறது என்பதைத்தான் நீங்கள் பார்க்க வேண்டும். தூய திரவத்துக்கு 5 டிகிரியும் கலவைக்கு 15 டிகிரியும் இடைவெளி வைப்பது ஐரோப்பிய வெடிப்புத் தடுப்பு வழக்கம். எங்கள் கூரைக்குக் கீழே 42 டிகிரி என்று வைத்தால் கலவையின் ஃபிளாஷ் பாயின்ட் 57க்கு மேல் இருக்க வேண்டும். லிமோனீன் தனியாக நின்றால் ஒரே டிகிரியில் தப்புகிறது, கலவைக்கான கோட்டை அதன் 48 எட்டுவதில்லை. குளிர்நாட்டில் எழுதிய பரிந்துரைகளை அப்படியே இறக்குமதி செய்ய முடியாதது இதனால்தான்.

இரண்டு விதிவிலக்குகளை எழுதி ஒட்டி வையுங்கள். ஸ்பிரேயாக அடித்தால் நுண்துளிகள் ஃபிளாஷ் பாயின்ட்டுக்குக் கீழேயும் பற்றும். காட்டன் வேஸ்ட்டில் ஊறிய திரவம் விளக்குத் திரிபோல நடந்துகொள்ளும்.

மூலக்கூறு வரைபடத்தில் தெரியாத இன்னொன்று நிலைமின்சாரம். ஹெப்டேன், டொலுவீன் போன்ற ஹைட்ரோகார்பன்கள் மின்சாரம் கடத்தாததால், ஊற்றும்போதும் குழாயில் ஓடும்போதும் மின்னேற்றத்தைச் சேர்த்து வைத்துக்கொள்கின்றன. ஐசோபுரோப்பைல் விரைவில் இறக்கிவிடுகிறது. ஃபிளாஷ் பாயின்ட் ஒரே அளவில் இருக்கும் இரண்டு பொருள்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டி வந்தால் நான் இதைப் பார்ப்பேன்.

## 6. மூச்சு: எல்லையை மட்டும் பார்க்காதீர்கள்

"எல்லை 400 பி.பி.எம்., நல்ல பொருள்" என்று புதியவர்கள் எழுதுகிறார்கள். எல்லை அதிகமாக இருந்தும் பொருள் பறந்துகொண்டே இருந்தால் அந்த எல்லையை நிமிடத்தில் தாண்டிவிடும். இரண்டையும் சேர்த்துப் பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. ஆவியழுத்தத்தை 760ஆல் வகுத்துப் பத்து லட்சத்தால் பெருக்கினால், மூடிய பாத்திரத்தில் ஆவி எத்தனை பி.பி.எம். வரை ஏறும் என்று வரும். அதை வேலையிட எல்லையால் வகுங்கள். காற்றை எத்தனை மடங்கு நீர்த்துப்போகச் செய்தால் மூச்சுக்கு ஏற்றதாகும் என்று அந்த விகிதம் சொல்லும்.

அறை வெப்பத்தில் ஹெக்சேனுக்கு 1,63,000 பி.பி.எம்., எல்லை 50, விகிதம் ஏறக்குறைய 3,260. ஹெப்டேனுக்கு எல்லை 85, விகிதம் 620. டொலுவீன் 276. எத்தில் அசிடேட் 240. ஐசோபுரோப்பைல் 109. ஹெக்சேனும் ஹெப்டேனும் இங்கே ஐந்து மடங்குக்கு மேல் பிரிந்து நிற்கின்றன.

டொலுவீனுக்கு மட்டும் ஏ.சி.ஜி.ஐ.எச். எண்ணான 20ஐ எடுத்திருந்தால் விகிதம் 1,380 ஆகி, ஹெப்டேனைத் தாண்டியிருக்கும். ஒரே பட்டியல் என்று முதல் பகுதியில் வற்புறுத்தியது இதற்காக.

## 7. நஞ்சுக் கணிப்பு: எலி சொல்வதும் மனிதருக்கு நடப்பதும்

டெஸ்ட் மென்பொருளில் மூலக்கூறை ஸ்மைல்ஸ் வரியாக (மூலக்கூறின் அமைப்பை எழுத்துகளில் எழுதும் முறை) கொடுத்தால், எலிக்கு வாய்வழி எல்.டி.50 (பாதி எலிகளைக் கொல்லும் அளவு), மரபணுத் திரிபு, வளர்ச்சி நஞ்சு, மீன் நஞ்சு எல்லாம் வந்துவிடும். முதலில் பார்க்க வேண்டியது விடையை இல்லை. பயிற்சித் தரவில் உங்கள் மூலக்கூறை ஒத்தவை எவை, அவற்றுக்குக் கணிப்பு எத்தனை பொருந்தியது என்ற பகுதியைப் பாருங்கள். ஒத்தவையே இல்லையென்றால் அந்த எண் ஊகம்தான். குறைந்தது இரண்டு மென்பொருள்களில் ஓட்டுங்கள். இரண்டும் முரண்பட்டால் சராசரி எடுக்காமல், மோசமானதை எடுத்துக்கொள்ளுங்கள்.

எல்.டி.50 ஒன்றை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு மெத்தனால் போதும். எலிக்கு வாய்வழி எல்.டி.50 கிலோவுக்கு 5,000 மில்லிகிராமுக்கு மேல். அந்த எண்ணை வைத்து வகைப்படுத்தினால் பெரிய நஞ்சே இல்லை. மனித உடலோ அதைப் பார்மிக் அமிலமாக மாற்றிவிட்டு, எலியைப் போல விரைவில் வெளியேற்ற முடியாமல் திணறுகிறது. பார்வை போகிறது, உயிர் போகிறது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயத்தால் 60க்கும் மேற்பட்டோர் இறந்ததை நாம் எல்லாரும் பார்த்தோம். ஒரு மூலக்கூறு உடலுக்குள் என்னவாக மாறுகிறது என்ற கேள்வியை விரிதாளில் தனி நெடுவரிசையாக வையுங்கள். ஹெக்சேனும் அங்கேதான் பிடிபடும்.

## 8. மதிப்பெண்: வெற்றுக் கட்டம் பூஜ்யம் ஆகாது

பல பொருள்களை ஒப்பிட மதிப்பெண் முறை வேண்டும். 1999இல் ஹெய்க்கிலா பின்லாந்தில் உருவாக்கிய உள்ளார்ந்த பாதுகாப்புக் குறியீட்டை எளிமையாக எடுத்துக்கொள்ளலாம். தீப்பற்றுதலுக்கு 0 முதல் 4, வெடிப்பு எல்லையின் (காற்றில் ஆவி வெடிக்கக்கூடிய குறைந்த அளவுக்கும் கூடிய அளவுக்கும் இடைப்பட்ட) அகலத்துக்கு 0 முதல் 4, வேலையிட எல்லைக்கு 0 முதல் 6. மதிப்பெண் ஏற ஏற ஆபத்து.

எங்கள் கூடத்தில் நடந்ததைச் சொல்கிறேன். பயிற்சிக்கு வந்த ஒரு பெண் நாற்பது மூலக்கூறுகளை அழகாக வரிசைப்படுத்தி வந்தாள். "அக்கா, இதுதானுங்க முதல்ல வந்திருக்கு" என்று 2-மெத்தாக்சிஎத்தனாலைக் காட்டினாள். அப்போது எங்களிடம் பெயர்ப் பட்டியல் கிடையாது. ஃபிளாஷ் பாயின்ட் 39 டிகிரி, அதற்கு 2. வெடிப்பு எல்லைக்கு 1. வேலையிட எல்லைக் கட்டம் வெறுமை. மொத்தம் 3. டொலுவீனுக்கு 7. நானும் தலையாட்டினேன், மாதிரிக்கு ஆர்டரும் போட்டோம்.

பாட்டில் வந்த அன்று லேபிளில் கருவுக்கும் இனப்பெருக்கத்துக்கும் கேடு என்ற சின்னம். அவள் பட்டியலில் 2-மெத்தாக்சிஎத்தனால் என்று தேடியிருக்கிறாள். நையாஷ் அதை மெத்தில் செலோசால்வ் என்ற பெயரில் வைத்திருக்கிறது. எல்லை 0.1 பி.பி.எம். அந்தக் கட்டத்துக்கு முழு மதிப்பெண்ணான 6 வந்திருக்க வேண்டும். கூட்டல் சூத்திரம் வெறுமையைப் பூஜ்யமாக எடுத்துக்கொண்டது, இந்தக் குறியீட்டிலோ பூஜ்யம்தான் மிகப் பாதுகாப்பான எண். கடைசி இடத்துக்குப் போக வேண்டியது முதலிடத்துக்கு வந்துவிட்டது. சரிபார்க்க வேண்டியது நான். அவளிடம் அப்படியே சொன்னேன்.

அன்றிலிருந்து இரண்டு விதிகள். எந்தப் பொருளையும் பெயரை வைத்துத் தேடக்கூடாது, ஒவ்வொரு வேதிப்பொருளுக்கும் தனியாகத் தரப்பட்டிருக்கும் சி.ஏ.எஸ். பதிவு எண்ணை வைத்துத் தேட வேண்டும். இந்தப் பொருளுக்கு அது 109-86-4, எந்தப் பெயரில் ஒளிந்திருந்தாலும் எண் மாறாது. தேடியும் கிடைக்காத கட்டத்துக்கு அந்தப் பண்பின் உச்ச மதிப்பெண்ணைப் போட்டுச் சிவப்பு நிறம் கொடுக்க வேண்டும். தரவு கிடைத்த பிறகு குறைத்துக்கொள்ளலாம்.

மொத்த மதிப்பெண்ணை மட்டும் பார்ப்பதும் தவறு. மேலே சொன்ன மூன்று அளவுகோல்களில் ஹெக்சேனுக்கு 3, 1, 3. டொலுவீனுக்கும் 3, 1, 3. மொத்தம் இரண்டுக்கும் 7. நரம்புக் கேடு இந்தக் கூட்டலில் எங்கும் தெரியவில்லை. அதனால் முதலில் ஒவ்வோர் அளவுகோலுக்கும் தாண்டக்கூடாத கோடு போடுங்கள், தாண்டியதை நீக்குங்கள். மிஞ்சியவற்றை வரிசைப்படுத்த மட்டும் மொத்தத்தைப் பயன்படுத்துங்கள். ஒரு கேட்டை இன்னொரு நன்மையால் ஈடுகட்ட விடக்கூடாது.

கிரீஸ் கரைக்கும் திறனை, அதாவது ஹான்சன் கரைதிறன் எண்களை, இதற்குப் பிறகு கணக்கிடுங்கள்.

## 9. கலவையானால் எல்லாவற்றையும் மறுபடி கணக்கிடுங்கள்

பெரும்பாலும் ஒரே மூலக்கூறு எல்லா வேலையும் செய்யாது, கலக்க வேண்டியிருக்கும். தனித்தனியே தேறியவை சேர்ந்தும் தேறும் என்று எண்ணிவிடாதீர்கள்.

ஃபிளாஷ் பாயின்ட்டைச் சராசரி எடுப்பது நான் மிக அதிகம் பார்த்த பிழை. லிமோனீன் சற்று மெதுவாக உலர்கிறது என்று மோல் கணக்கில் பத்தில் ஒரு பங்கு ஹெப்டேன் சேர்ப்பதாக வைத்துக்கொள்வோம். சராசரி போட்டால் 43 டிகிரி வரும். திரவத்தில் பத்தில் ஒரு பங்காக இருக்கும் ஹெப்டேன், ஆவியில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் இருக்கிறது. பற்றுவது ஆவிதான். கலவையில் ஒவ்வொரு கூறும் தரும் பகுதி அழுத்தத்தை, அது தன் ஃபிளாஷ் பாயின்ட்டில் கொண்டிருக்கும் ஆவியழுத்தத்தால் வகுத்து, எல்லாக் கூறுகளின் விகிதங்களும் கூடி 1 ஆகும் வெப்பநிலையைத் தேட வேண்டும். இலட்சியக் கலவை என்று எடுத்துப் போட்டாலே சுமார் 30 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. ஏப்ரல் மாதக் கூரைக்குக் கீழே இந்தத் தொட்டி காலையிலிருந்தே பற்றத் தயாராக இருக்கும்.

தண்ணீர் கலந்தால் தீ போய்விடும் என்பதும் தவறான நம்பிக்கை. 40 விழுக்காடு எத்தனால் கலந்த நீரின் ஃபிளாஷ் பாயின்ட் 26 டிகிரிதான். 10 விழுக்காட்டுக்கு 49. நீரில் கலந்தாலும் அதோடு முழுதாக ஒத்துப்போகாத இயல்பால் எத்தனால் எதிர்பார்ப்பதைவிட அதிகமாக ஆவியாகிறது. இப்படி ஒன்றோடொன்று முழுதாக ஒத்துப்போகாத கூறுகள் சேரும் கலவைகளுக்கு யூனிஃபேக் போன்ற முறையில் செயல்திறன் கெழுவை (கூறு இலட்சியக் கலவையிலிருந்து எத்தனை விலகுகிறது என்ற எண்) கணக்கிட்டே ஆக வேண்டும்.

வெடிப்பின் கீழ் எல்லைக்கு லெ ஷாட்டெலியே விதியை (கூறுகளின் எல்லைகளிலிருந்து கலவையின் எல்லையைக் கணக்கிடும் விதி) போடும்போதும் ஆவியின் பங்கைப் போடுங்கள், திரவத்தின் பங்கைப் போடாதீர்கள்.

மூச்சுக்கு, ஒவ்வொன்றின் காற்றளவையும் அதன் எல்லையால் வகுத்துக் கூட்டுங்கள், 1ஐத் தாண்டக்கூடாது. இந்தக் கூட்டல் ஒவ்வொரு பொருளும் தன் பாட்டுக்கு வேலை செய்கிறது என்று எடுத்துக்கொள்கிறது. சில ஜோடிகள் ஒன்றையொன்று தூண்டிவிடும். மெத்தில் எத்தில் கீட்டோன் தனியாக நரம்பைக் கெடுப்பதில்லை, ஹெக்சேனோடு சேர்ந்தால் ஹெக்சேனின் நரம்புக் கேட்டைக் கூட்டுகிறது. 1999–2000இல் கலிபோர்னியாவில் பிரேக் கழுவும் ஸ்பிரேயைப் பயன்படுத்திய வாகனப் பட்டறைத் தொழிலாளர்களுக்குக் கைகால் மரத்துப்போனது பதிவாகியிருக்கிறது. அந்த ஸ்பிரேயில் ஹெக்சேனும், அதே கீட்டோன் குடும்பத்தைச் சேர்ந்த அசிட்டோனும் இருந்தன. நாம் வடிவமைக்கிற பொருளும் கிட்டத்தட்ட அதே பொருள்தான். எந்த விரிதாளும் இந்த ஜோடியைத் தானாகச் சொல்லாது. இரண்டிரண்டாக எடுத்து ஆய்வுகளில் தேடுவதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை. மூன்று கூறுகள் என்றால் மூன்று ஜோடிகள், ஒரு மாலை நேர வேலை.

## 10. ஆறு மாதம் கழித்து பீப்பாயில் என்ன இருக்கும்?

கணினி வரைவது புதிய மூலக்கூறை. பட்டறையில் நிற்பது திறந்து மூடித் திறந்து மூடிய பீப்பாய். லிமோனீன் காற்றோடு சேர்ந்து ஹைட்ரோபெராக்சைடாக மாறுகிறது. தோலில் ஒவ்வாமையைக் கிளப்புவது பெரும்பாலும் அந்த மாறிய பொருள்தான். இயற்கைப் பொருள், ஆரஞ்சு வாசனை என்று விற்கப்படுவதாலேயே யாரும் இதைக் கேட்பதில்லை. டைஐசோபுரோப்பைல் ஈதர், டெட்ராஹைட்ரோஃபியூரான் போன்றவை பெராக்சைடைச் சேர்த்துவைத்து, காய்ச்சும்போது வெடிக்கும்.

ஈதர் பிணைப்பு, இரட்டைப் பிணைப்பு உள்ள ஒவ்வொரு மூலக்கூறுக்கும் அதன் ஆக்சிஜனேற்றப் பொருளையும் வரைந்து, அதையும் 7ஆம் பகுதிக்கு அனுப்புங்கள்.

## 11. கழிவு போகும் வழி

கஞ்சிக்கோட்டு ஓடைத் தண்ணீர் கோரையாறு, கல்பாத்திப்புழை வழியாகப் பாரதப்புழைக்குப் போகிறது. வழியெல்லாம் கிணறும் வயலும். எண்ணெய்–நீர்ப் பகிர்வு எண்ணின் மடக்கை 4ஐத் தாண்டினால் உயிரிகளின் கொழுப்பில் சேரும் வாய்ப்பை ஆராய வேண்டும். லிமோனீன் இங்கே மறுபடி மாட்டிக்கொள்ளும், மீனுக்கும் நீர்ப்பூச்சிக்கும் கடும் நஞ்சு. எத்தில் லாக்டேட் எளிதில் மக்குவதால் தேறிவிடும்.

## 12. குடுவைக்குப் போகும் முன்னும் பின்னும்

கணினி தேர்ந்த மூன்றுக்கு மேல் கலந்து பார்க்காதீர்கள். அரை லிட்டர் போதும். முதல் சோதனை மூடிய கிண்ண ஃபிளாஷ் பாயின்ட், கிரீஸ் கரைகிறதா என்பது அதற்குப் பிறகு. இங்கே எல்லாருக்கும் கை பரபரக்கும், பாகத்தை முக்கிப் பார்க்கத் தோன்றும். அளந்த எண் கணித்ததைவிட 5 டிகிரிக்கு மேல் குறைவாக இருந்தால் 4ஆம் பகுதிக்குத் திரும்புங்கள். எங்கோ ஒரு துண்டு ஏமாற்றியிருக்கிறது.

அளந்த எண்ணை விரிதாளில் ஏற்றும்போது கணித்த எண்ணை அழிக்க வேண்டாம். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால், ஒரு வருடத்தில் எந்த வகை மூலக்கூறில் உங்கள் முறை எத்தனை டிகிரி பொய் சொல்கிறது என்ற சொந்தப் பட்டியல் கிடைக்கும். எங்கள் பட்டியலில் ஓ.எச்.–எஸ்டர் ஜோடிக்குப் பக்கத்தில் அந்தப் பெண்ணின் கையெழுத்துதான் இருக்கிறது.

பொருள் வெளியே போகும்போது எம்.எஸ்.டி.எஸ். என்ற பாதுகாப்புத் தரவுத் தாளோடு ஒரு பக்கத் தாளும் போக வேண்டும்: எத்தனை டிகிரிக்கு மேல் பயன்படுத்தக்கூடாது, எதோடு கலக்கக்கூடாது, திறந்த பீப்பாயை எத்தனை மாதத்தில் முடிக்க வேண்டும். தமிழிலும் மலையாளத்திலும் இந்தியிலும் அச்சடிக்கிறோம், தொட்டிக்குப் பக்கத்தில் நிற்பவர்கள் பேசுவது அந்த மூன்று மொழிகள்தான். எதோடு கலக்கக்கூடாது என்ற வரி எல்லாவற்றுக்கும் மேலே, பெரிய எழுத்தில். மிச்சமிருக்கும் பழைய தின்னரை அதே தொட்டியில் ஊற்றிவிடும் பழக்கம் நான் போன பட்டறைகளில் பாதிக்கு மேல் இருந்தது.